இரட்டை ஒயர், அத்தியாயம் 9: சீலிங்குக்குள் ஒரு பெட்டி

கிரிகரிக்கு ஐம்பத்தொன்பது வயது. முழங்காலுக்கு மட்டும் எண்பது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மகன் பிராண்டன் கிளப்பிய பேச்சு இன்னும் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அப்பா இனிமே ஏணி ஏற வேணாம். வீட்டுல உக்காரட்டும்."

தங்கை பெர்னிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "கம்பெனி என்னோடது. அப்பா வருவாரு."

"கம்பெனியாம் கம்பெனி. மூணு ஆளு, ஒரு வேன்."

தாய் மகதலேனா இருவர் தட்டிலும் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு வாயை அடைக்கப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் அண்ணனும் தங்கையும் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சனிக்கிழமை கிள்ளான் வேலை ஒழுங்காகத் தேறினால் அப்பா தொடர்ந்து வரலாம். அவர் இழுத்த கம்ப்யூட்டர் ஒயரில் குறை என்று வந்தால், அன்றோடு ஏணியைவிட்டு இறங்கிவிட வேண்டும். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

வேனில் கிள்ளானுக்குப் போகும்போது கிரிகரி தன் நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு வயதில், கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். கற்றது வீணாகக் கூடாது என்று அன்றிலிருந்து செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதி வைப்பார். எந்த இடம், எத்தனையாவது மாடி, ஒயர் எந்த வழி போகிறது, எல்லாம். வேன் குலுங்கும்போது எழுத்தும் குலுங்கும்.

"கோழி கிண்டுன மாதிரி இருக்குப்பா," என்றாள் பெர்னிஸ். அவள் படித்தது மலாய்ப் பள்ளியில். தமிழ் அவளுக்குப் பேச்சோடு சரி.

"யாரு படிக்கப் போறா அதை?" என்றான் பிராண்டன், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே. ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான்.

கிரிகரி முற்றுப்புள்ளி வைத்து நோட்டை மூடினார்.

*

கிள்ளானில் அவர்கள் போன இடம் ஒரு டயாலிசிஸ் சென்டர். இரண்டு கடைவீடுகளை ஒன்றாக இடித்துக் கட்டியது. பெயருக்கு முதலாளி அண்ணாமலை. சாவிக்கொத்தும் அதிகாரமும் அவர் மனைவி தெய்வானையிடம்.

பத்தரை மணிக்குக் காலை ஷிப்ட் நோயாளிகள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அடுத்த ஷிப்ட் பதினொன்றரைக்கு. நடுவில் இருந்த ஒரு மணி நேரம்தான் பெர்னிஸுக்கு.

"மிஷினு அது பாட்டுக்கு ஓடும். அதுல ஒண்ணும் இல்ல," என்றார் தெய்வானை. "போன மாசம் பின் ரூம்ல இருக்கற சுவிட்ச் பெட்டி படுத்துக்கிச்சு. சுபாங் ஜெயாவில உக்காந்திருக்கற டாக்டரால அரை நாளு ஒரு பேஷண்டோட ரெக்கார்டையும் பாக்க முடியல. என்னைத்தான் போன்ல திட்டுனாரு. இன்னொரு வாட்டி அப்படி ஆவக் கூடாது. அந்தப் பெட்டி போனாலும் ரெக்கார்டு நிக்காதுன்னு பதினொன்றரைக்குள்ள காட்டு. காட்டிட்டா பந்திங் சென்டரும் சுபாங் ஜெயா சென்டரும் உனக்குத்தான். இல்லன்னா பழைய கம்பெனிக்காரனையே கூப்பிட்டுக்கறேன், கோவிச்சுக்காதம்மா."

"காட்டிடலாம் மேடம்."

"பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்ல நீங்க செஞ்ச வேலைய நல்லா சொன்னாங்க. அதனாலதான் உங்களுக்குக் குடுத்தேன்."

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பிராண்டன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவிழாத லேஸ்.

பெர்னிஸ் சுவரோரத்து இரும்பு ரேக்கின் முன்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ரேக்கில் ஃபயர்வால். வெளியிலிருந்து வரும் இணையத்துக்கும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நின்று காவல் பார்க்கிற பெட்டி அது. அதன் முகத்தில் வரிசையாக, ஒயர் குத்துகிற ஓட்டைகளான போர்ட்டுகள். மூன்றாம் போர்ட்டையும் நான்காம் போர்ட்டையும் ஒரே பெயருக்குக் கீழே ஜோடி சேர்க்க வேண்டும். மூன்று வேலை பார்க்கும், நான்கு சும்மா காத்திருக்கும். மூன்று செத்தால், அந்த நொடியே நான்கு அதன் இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாம் போர்ட்டிலிருந்து ஒயர் பின் அறை சுவிட்ச் பெட்டிக்கு, இணையத்தைக் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. நான்கிலிருந்து முன் கவுண்டருக்குக் கீழே உள்ள வேறொரு சுவிட்ச் பெட்டிக்கு. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு பழைய ஒயர் இருந்தது. போர்ட் ஒயர் இரண்டையும் வியாழக்கிழமை கிரிகரிதான் தனியாளாகச் சீலிங்குக்குள் இழுத்தார். ஒன்றை ஒன்று தொடாத வழி. குழப்பம் வராமல் இருக்க மூன்றுக்கு ஒரு முடிச்சு, நான்குக்கு இரண்டு முடிச்சு என்று சிவப்பு நூல் கட்டியிருந்தார்.

"அலாமாக்," என்று பதறினாள் பெர்னிஸ்.

"என்ன?" என்றான் பிராண்டன்.

"நாலக் காணோம். லிஸ்ட்ல மூணு வருது, அஞ்சு வருது, ஆறு வருது. நாலு வரல."

"ரீஸ்டார்ட் பண்ணு."

"எதுக்கெடுத்தாலும் ரீஸ்டார்ட்டா? எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்கு. வேற வேலையில இருக்கற போர்ட்ட ஜோடி சேக்க விடாது."

தேடினாள். முன்பு வேலை செய்த எவனோ, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காரும் இடத்து வைஃபைக்கு அந்த நான்காம் போர்ட்டைக் கொடுத்திருந்தான். அந்த வைஃபையைக் கழற்றி மாதக் கணக்காகிறது. கொடுத்த செட்டிங் மட்டும் உள்ளேயே கிடந்தது. ஒன்றை அழித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டிருந்தது. அதை அழித்தால் மூன்றாவதாக ஒன்று. பெர்னிஸ் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"சின்சாய் வேலை செஞ்சிட்டுப் போயிருக்கான் மடையன்," என்றாள்.

ஏனோதானோ என்று செய்கிற வேலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கிரிகரி ஏணியின் காலைப் பார்த்தார்.

பத்து ஐம்பதுக்கு நான்கு லிஸ்ட்டில் வந்தது. மூன்றும் நான்கும் ஜோடி சேர்ந்தன. இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. பெர்னிஸ் மூன்றாம் போர்ட்டில் இருந்த ஒயரை அப்படியே உருவினாள். முன் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த, டாக்டர் பார்க்கும் ரெக்கார்டுப் பக்கம் ஒரு நொடி திக்கியது. அவ்வளவுதான், மறுபடி ஓடியது.

"பாத்தீங்களா மேடம்? ஒண்ணு போனா இன்னொண்ணு." பெர்னிஸ் ஒயரைத் திரும்பக் குத்தினாள்.

கிரிகரி மூச்சை விட்டார். முழங்கால்கூடக் கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது.

தெய்வானை தலையை ஆட்டவில்லை. "நீ ஒயரப் புடுங்குன. போன மாசம் ஒயரு போவல. பின் ரூம்ல இருக்கற பெட்டிதான் போச்சு. அதை அணைச்சுக் காட்டு."

"அதேதான் மேடம், ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

"இல்லன்னா அணைக்கறதுல என்ன?"

சாவிக்கொத்து குலுங்க அவரே பின் அறைக்குப் போனார். சுவிட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

முன் கவுண்டரில் டாக்டரின் பக்கம் நின்றது. ஒரு நொடி. ஐந்து நொடி. ஒரு நிமிஷம். திரை அசையவில்லை.

*

அதற்கப்புறம் நடந்த இருபது நிமிஷத்தைக் கிரிகரி நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெர்னிஸ் ஜோடியைப் பிரித்து மறுபடி சேர்த்தாள். பிளக்கைப் போட்டால் ஓடியது, பிடுங்கினால் நின்றது. பிராண்டன் சொன்னபடி ஃபயர்வாலை ரீஸ்டார்ட்டும் செய்தாள். அது எழுந்து வர ஐந்து நிமிஷம் தின்றது. எழுந்து வந்தும் அதே கதை. கையால் ஒயரை உருவினால் ஒழுங்காக மாறுகிறது. பின் அறைப் பெட்டியை அணைத்தால் செத்துப்போகிறது.

"ஃபயர்வாலே ஓட்டைப் பெட்டிலா. மாத்திக் கேளு," என்றான் பிராண்டன்.

"உருவுனா வேலை செய்யுதுல்ல? பெட்டி மேல என்ன தப்பு?"

"அப்ப உன் செட்டிங் தப்பு."

"நீ கொஞ்சம் வாய மூடு அண்ணே. வேன் ஓட்டறதோட நிறுத்திக்க."

"ஆமா, நான் டிரைவர்தான். நீ இஞ்சினியர். இஞ்சினியர் காட்டுங்க பாப்போம்."

தெய்வானை பின் அறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கிரிகரிக்கு இருந்தது.

பெர்னிஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரேக்கையே முறைத்தாள். முன்முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"அப்பா, மூணாம் நம்பர் ஒயரு ஒரே பீஸ்தானே? நான் சொன்னேன்ல, நடுவுல எதுவும் வேணாம்னு?"

"ஒரே பீஸ்தான்மா."

வாய் முந்திக்கொண்டது.

"அப்ப இது எப்படி?" அவள் விரல் மூன்றாம் போர்ட்டைக் காட்டியது. "அங்க பெட்டி அணைஞ்சு கெடக்கு. அந்த முனையில ஆளே இல்ல. இங்க எப்படிப் பச்சை எரியுது? விளக்கு அணைஞ்சாத்தான் இது நாலுக்கு மாறும். எரியற வரைக்கும் எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு முட்டாள்."

கிரிகரி அந்தச் சின்னப் பச்சைப் பொட்டைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே, சீலிங்கில் மூன்றாவது பலகையைப் பார்த்தார்.

அந்தப் பலகைக்கு மேலே, அவர் வியாழக்கிழமை வைத்த ஒரு குட்டி சுவிட்ச் பெட்டி இருந்தது. ஐந்து ஓட்டை உள்ள கறுப்புப் பெட்டி. எக்ஸிட் விளக்குக்கு வரும் கரண்டிலிருந்து அதற்கும் கரண்டு எடுத்துக் கொடுத்திருந்தார்.

ஒயர் பத்தவில்லை. பின் அறைக்குப் பத்தடி இருக்கும்போது சுருள் தீர்ந்துபோனது. புதுச் சுருள் வேண்டுமென்றால் பெட்டாலிங் ஜெயா கடைக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் பிராண்டனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவன் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரியும். பையில் ஒரு குட்டிப் பெட்டியும் பழைய ஒயர்த் துண்டு ஒன்றும் கிடந்தன. வந்த ஒயரை ஒரு ஓட்டையில் குத்தி, அந்தத் துண்டை இன்னொரு ஓட்டையில் குத்தி அந்தப் பக்கம் கொண்டுபோனார். சோதித்துப் பார்த்தார். ஓடியது. ஓடுகிற ஒயரில் என்ன குற்றம் என்று இறங்கிவிட்டார்.

அந்த வித்தையை அவருக்குக் காட்டியவன் பிராண்டன்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில். அங்கேயும் ஒயர் பத்தவில்லை. "கடைக்கெல்லாம் போயிட்டு வர நேரமில்லப்பா. நடுவுல இதை மாட்டிவிடுங்க, ஓடும்," என்று கையில் கொடுத்தான். "பெர்னிகிட்ட சொல்லாதீங்க. சும்மா நோண்டிக்கிட்டே இருப்பா." மகன் நேருக்கு நேர் பேசியே ஒரு மாதமாகியிருந்தது அப்போது. அந்தச் சந்தோஷத்தில் கிரிகரி சரி என்றார்.

இப்போது மகனைப் பார்த்தார். பிராண்டனும் சீலிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. இருவர் கண்ணும் சந்தித்தன. பிராண்டன் உடனே ஏணியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொல்லுவான் என்று கிரிகரி காத்திருந்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்று பதினாறு காட்டியது.

"நடுவுல ஏதாவது இருந்தாத்தான் இப்படி ஆகும்," என்று பெர்னிஸ் தனக்குத்தானே முனகினாள். "ஆனா ஒரே பீஸ்..."

"ஒயர் இழுத்தது அப்பா. அவரைக் கேளு," என்றான் பிராண்டன்.

அதற்கு மேல் காத்திருக்க ஒன்றும் இல்லை.

"அம்மாடி," என்றார் கிரிகரி. "நான் பொய் சொல்லிட்டேன். நடுவுல ஒரு பெட்டி இருக்கு. சீலிங்குக்குள்ள."

பெர்னிஸ் மெல்லத் திரும்பினாள். அவள் கத்தவில்லை. பிராண்டன்தான் கத்தினான்.

"யாரு கேட்டா உங்களை பெட்டி மாட்டச் சொல்லி? யாரு சொன்னா? இதுக்குத்தானே வீட்டுல உக்காருங்கன்னு சொன்னேன்! எத்தனை வாட்டி சொன்னேன்!"

கிரிகரி மகனைப் பார்த்தார். அவன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தெய்வானை நின்றுகொண்டிருந்தார். அந்நிய மனுஷி முன்னால் பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

"யாரும் சொல்லல," என்றார். "நானாத்தான்."

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். ஐந்தாம் படியில் முழங்காலில் கத்தி குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை நகர்த்தினார். தூசிக்குள் அந்தக் கறுப்புப் பெட்டி, தன் பங்குக்கு ஒரு பச்சை விளக்கோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பின் அறைப் பெட்டி செத்தால் என்ன? இது உயிரோடு இருந்து, கீழே இருக்கும் ஃபயர்வாலுக்கு எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

"கழட்டுங்கப்பா," என்றாள் பெர்னிஸ் கீழிருந்து. தன் பையில் துழாவி, கட்டைவிரல் அளவு ஒரு கப்ளரை எடுத்து நீட்டினாள். இரண்டு ஒயர் முனையை நேருக்கு நேர் சேர்க்கிற சின்ன சாமான். அதற்குக் கரண்டும் கிடையாது, விளக்கும் கிடையாது. "இப்போதைக்கு இதைப் போடுங்க. புது ஒயர் அப்புறம் இழுக்கலாம். இது என் பையிலேயே இருந்துச்சுப்பா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

அவள் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவருக்கு வலி குறைந்திருக்கும்.

இரண்டு முனையையும் கப்ளரில் குத்தினார். டக், டக். "போட்டாச்சு."

"மேடம், பிளக்கைப் போட்டு இப்ப அணைங்க."

தெய்வானை பிளக்கைப் போட்டு, கொஞ்சம் விட்டுப் பிடுங்கினார்.

மூன்றாம் போர்ட்டில் பச்சை அணைந்தது. நான்கு துடிக்க ஆரம்பித்தது. முன் கவுண்டரில் டாக்டரின் பக்கம் ஒரு திக்குத் திக்கி, ஓடியது.

யாரும் கை தட்டவில்லை. அடுத்த ஷிப்ட்டின் முதல் நோயாளி, தோளில் போர்வையோடு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பதினொன்று இருபத்தாறு.

தெய்வானை இன்னும் இரண்டு தடவை பிளக்கைப் போட்டுப் போட்டுப் பிடுங்கினார். பிறகு பெர்னிஸின் பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேப்பரை உடனே கொடுக்கவில்லை.

"இங்க சரி. புது ஒயரு திங்கக்கிழமை இழுத்துடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்ல பின் பெட்டிய அணைச்சுப் பாத்தியா, இல்ல இதே மாதிரி கையால ஒயர உருவித்தான் காட்டுனியா?"

பெர்னிஸின் முகம் வெளுத்தது. "உருவித்தான் மேடம்."

"அப்ப அங்க சீலிங்குக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு. மறைக்காம சொல்லு. அதுக்கப்புறம் பந்திங், சுபாங் ஜெயா பத்திப் பேசலாம்." ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்த கிரிகரியின் பக்கம் திரும்பினார். "அங்கிள், தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

*

வேன் கிள்ளான் டவுனைத் தாண்டியது. முன் சீட்டில் பெர்னிஸ் நடுவில், அப்பா ஜன்னலோரம், அண்ணன் ஸ்டியரிங்கில். ஏர்கான் சூடாக ஊதியது. அதைக் கூட யாரும் திட்டவில்லை.

"நீங்க பெட்டி மாட்டுனதுகூடப் பரவாயில்லப்பா," என்றாள் பெர்னிஸ் கடைசியில். "நான் கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே. அதான் தாங்கல."

"தப்புத்தான்மா."

"பிரிக்பீல்ட்ஸ்லயும் இருக்கா?"

கிரிகரி ஜன்னலுக்கு வெளியே ஒரு லோரியைப் பார்த்தார். இன்னொரு தடவை பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை.

"இருக்கு."

பிராண்டன் ஹாரனை அடித்தான். முன்னால் யாரும் இல்லை.

"எந்த எடம்? எத்தனை? எனக்குச் சரியா தெரியணும். நான் போய் அந்தக் கிளினிக் டாக்டர்கிட்ட நிக்கணும்."

"எழுதி வெச்சிருக்கேன்," என்றார் கிரிகரி. சொன்ன பிறகுதான், என்ன எழுதி வைத்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவர் எதையும் விட்டுவிட்டு எழுதுகிறவர் அல்ல; பெட்டியைக் கொடுத்தது யார் என்பதையும் எழுதியிருந்தார். "வேணாம்மா, நானே வாயால சொல்றேன்..."

அதற்குள் பெர்னிஸ் வேனின் முன் கண்ணாடிக்கு அடியில் கிடந்த நோட்டை எடுத்துவிட்டாள். தேதிகளைப் பார்த்துப் புரட்டினாள். எண்கள் அவளுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கத்தில் விரலை வைத்தாள். அதற்கு மேல் அந்த எழுத்துகள் அவளுக்கு வெறும் கிறுக்கல்.

முன்னால் சிக்னல் சிவப்புக்கு மாறியது. வேன் நின்றது.

"அண்ணே, நீ படி."

"வீட்டுக்குப் போய் படிக்கலாம்."

"இப்பப் படி. ரெட்லதானே நிக்கறோம்."

பிராண்டன் நோட்டை வாங்கினான். கிரிகரி கண்ணை மூடிக்கொண்டார்.

"பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்," என்று படித்தான். குரல் பள்ளிக்கூடப் பையனுடையது மாதிரி இருந்தது. "மூணாவது மாடி. பின் பக்கம். ஒயர் பத்தல..."

நிறுத்தினான்.

"அப்புறம்?" என்றாள் பெர்னிஸ்.

பிராண்டனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"இன்னும் ஒரு வரி இருக்கே. அதுல என்ன எழுதியிருக்கு?"

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கின. பிராண்டன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேன் நகரவில்லை.